கருகனின் இடது கன்னம்

அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று வருகைப் பதிவேட்டில் கிடந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொன்று மைக்கா. மை போடுகிற அக்கா என்பது வாய்க்கு வாய் தேய்ந்து மைக்கா ஆகியிருந்தது. பென்சிலில் வரைந்து வருகிற படக்கதைப் பக்கங்களின் மேல் நிப்பாலும் தூரிகையாலும் கறுப்புக் கோடு இழுப்பது அவள் வேலை. பதினோரு வருடங்களாக அந்த ஒரே சாய்மேசை, அந்த ஒரே ஜன்னல்.

பதினோரு வருடங்களில் பெரும்பகுதி வச்சிரனோடு போனது. வச்சிரன் பறப்பான், கட்டடங்களைத் தாங்குவான், கெட்டவர்களை நொறுக்குவான். அவனை வரைவதற்குச் சட்டங்கள் உண்டு. பத்தாவது மாடியிலிருந்து விழலாம், முடி கலையக் கூடாது. ரத்தம் வரலாம், உதட்டோரத்தில் ஒரு கோடு மட்டும். அடுத்த பக்கத்தில் அந்தக் கோடும் இருக்கக் கூடாது. எரிகிற வீட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் தோளில் ஒரு குழந்தை இருக்கும், முகத்தில் கொஞ்சம் கரி இருக்கும். அந்தக் கரியும் கன்ன எலும்பை எடுத்துக் காட்டுகிற இடமாகப் பார்த்துப் படிந்திருக்கும்.

அவள் தம்பி நெருப்பிலிருந்து அப்படி வரவில்லை.

அவன் ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்த்தவன். ஒரு காலையில் அடுப்புக்குள் எரிவாயு தேங்கி நின்றது தெரியாமல் தீ வைத்தான். யாரையும் காப்பாற்றப் போகவில்லை. வழக்கம்போல அடுப்பைப் பற்ற வைக்கப் போனான், அவ்வளவுதான். இடது பக்க முகம், கழுத்து, தோள் வரை வெந்துபோனது. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள், அக்காவும் தம்பியும். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்து வந்த அன்றே வீட்டிலிருந்த கண்ணாடிகளை அவள் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். காலையும் மாலையும் கட்டுப் பிரித்து, துடைத்து, மருந்து தடவி, மறுபடியும் கட்டுவாள். எட்டு மாதங்கள். அவன் கன்னத்தில் எந்த மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவள் விரல்களுக்கு மனப்பாடம். காதுக்குக் கீழே அவரைக்கொட்டை அளவு ஓர் இடம் மட்டும் தீ தொடாமல் தப்பியிருந்தது. சுற்றிலும் வெந்து சுருங்கிய தோலுக்கு நடுவே பழைய தம்பி அந்த இடத்தில் மட்டும் மிச்சமிருந்தான். மருந்து தடவும்போது விரல் அங்கே ஒரு கணம் நிற்கும்.

"என்னக்கா, அவரைக்கொட்டை பத்திரமா இருக்கா?" என்பான்.

"இருக்குடா. முளைச்சா சொல்றேன்."

அந்த எட்டு மாதங்களுக்குள்தான் கருகன் பிறந்தான்.

வச்சிரனுக்குப் புது எதிரி வேண்டியிருந்தது. கதைக்காரர் கையில் தேநீரோடு அவள் மேசைக்கு வந்தார். அவருக்கு எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரியும்.

"மைக்கா, பென்சில்காரன் கல்யாணம்னு ஓடிட்டான். மாதிரித் தாளை நீதான் போடணும். ஆளு பேரு கருகன். பாதி மூஞ்சி வெந்தவன்."

"ஏன் சார், எப்பவும் வெந்தவன், ஒத்தைக்கண்ணன், கூனன்னே வர்றாங்க?"

"ஒரு பக்கத்துக்கு ஆறே கட்டம் குடுக்கறாரு ஆசிரியர். அதுக்குள்ள ஒருத்தன் கெட்டவன்னு நான் எப்படிச் சொல்றது? மூஞ்சியிலயே எழுதி அனுப்பிட வேண்டியதுதான். அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து வரைந்தாள். மாதிரித் தாள் என்பது ஒரு பாத்திரத்தின் முகத்தை முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னிருந்து காட்டுவது. அதைப் பார்த்துத்தான் இனி யார் வரைந்தாலும் வரைய வேண்டும். வெந்த தோலை எப்படிப் போடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது. காலையில் கட்டுப் பிரித்த அதே கை. கண்ணின் கீழிமை கீழே இழுபட்டிருந்தது, வாயோரம் மேலே ஏறியிருந்தது, கழுத்தில் வெந்த தோல் மூன்று வடங்களாக முறுக்கி ஓடியது. எல்லாம் முடிந்து தூரிகையைத் துடைத்தபோதுதான் காதுக்குக் கீழே கோடே படாத அந்தச் சின்ன வெள்ளை இடத்தைப் பார்த்தாள்.

அழித்திருக்கலாம். ஒரு பொட்டு மை போதும். தூரிகையை மறுபடி எடுப்பதற்குள் ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "அடேயப்பா! உயிரோட இருக்கும்மா இந்த மூஞ்சி. இதுல ஒரு கோடுகூட மாத்தாதே" என்று தாளை எடுத்துப்போய் முத்திரை குத்திவிட்டார். முத்திரை விழுந்த மாதிரித் தாள் கல்வெட்டு. அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பி படக்கதை பார்ப்பவன் அல்ல, அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வச்சிரனைவிடக் கருகனை மக்களுக்குப் பிடித்துப்போனது. இரண்டாம் வருடம் கதை தொலைக்காட்சித் திரைக்குப் போனது. வாரம் ஒரு பகுதி. பேருந்து நிறுத்தங்களிலும் கடை ஷட்டர்களிலும் கருகனின் பாதி முகம் ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டது. தம்பி அப்போதுதான் மெல்ல வெளியே நடமாடத் தொடங்கியிருந்தான். மாடிப்படியில் விளையாடுகிற பிள்ளைகள் முதலில் குசுகுசுத்தார்கள். பிறகு கத்தினார்கள். "கருகன் வர்றான், ஓடுங்கடா!" ஒருத்தி வச்சிரனைப் போலக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு பாய்ந்து அவன் வயிற்றில் குத்தினாள். அவன் சிரித்தான். அந்த வாயோரம் சிரித்தால் எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்; பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தான். திரையில் கருகனும் ஊருக்குள் வரும்போது முகத்தை மூடிக்கொண்டுதான் வருவான். மூடினாலும் கருகன், திறந்தாலும் கருகன். போதாதற்குத் துண்டு கண்ணில் உரசியது. அந்தக் கண் மூடாத கண்.

அந்தக் கண்ணில்தான் எல்லாம் வந்து நின்றது. இரவும் பகலும் திறந்தே கிடந்து வறண்டு, கருவிழியில் புண் வந்துவிட்டது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "தொடையிலிருந்து தோல் எடுத்து இமையில வைக்கணும். அப்பத்தான் கண்ணு மூடும். நாள் குடுக்கிறேன், தவறாம வந்துடுங்க. விட்டா பார்வை போயிடும்."

அவர் கொடுத்த முதல் நாளன்று வாடகைக் காரில்தான் போனார்கள். காத்திருப்புக் கூடத்தில் சுவரில் ஒரு திரை. வச்சிரன் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஒரு குழந்தை திரையைப் பார்த்தது, தம்பியைப் பார்த்தது, வீறிட்டது. அதன் அம்மா, "ஒண்ணுமில்லடா, அவரு நல்ல கருகன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கருகனின் முகம் சுவர் முழுவதும் நிறைந்த நேரம் அது. சட்டென்று எழுந்தான்; பெயர் கூப்பிடுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். அவள் பின்னாலேயே ஓடினாள். குழந்தை கத்தியதால்தான் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தவன் நான்கு நாட்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவள் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, மேல்கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா, இந்த அவரைக்கொட்டை விஷயம் அவங்களுக்கு யாரு சொன்னா?"

அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"நடிகனுக்கு ரப்பர்ல மூஞ்சி செஞ்சவன் அதைக்கூட விடாம செஞ்சிருக்கான். அளவு மாறாம. இது தெரிஞ்சது உலகத்துல ரெண்டே பேரு. நானும் நேராப் பாத்ததில்ல. நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"தம்பி..."

"யாருன்னு மட்டும் சொல்லு."

"நான்தான்டா."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். "ஓ" என்றான். பிறகு, "தினம் ரெண்டு வேளை நீ பாத்தது இதைத்தானா? ஒரு கெட்டவன் மூஞ்சியைத்தானா?" என்றான். அதன் பிறகு மருந்து தடவவும் விடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா பத்து நாட்கள் தள்ளி இன்னொரு நாள் கொடுத்தார், ஒரு வியாழக்கிழமை. "இதுக்கு மேல என்னால ஆகாதும்மா. தள்ளத் தள்ள அந்தப் புண் ஆழமாயிட்டே போகும்" என்றார். தம்பி வரமாட்டேன் என்றான். அவனிடம் பேசுவது கல்லில் நார் உரிப்பதாக இருந்தது. "ஒரு கண்ணு போதும். போஸ்டர் பாக்க அதுவே ஜாஸ்தி" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். பதினோரு வருடங்களில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. கதைக்காரரும் அங்கே இருந்தார்.

"சார், கருகன் மூஞ்சியை மாத்தணும்."

"எதுக்கும்மா? ஜனங்க அவனுக்காகத்தான் புஸ்தகமே வாங்கறாங்க."

"அது என் தம்பி சார்."

ஆசிரியருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவள் சொல்லச் சொல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. "சொல்லியிருக்கலாமே, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று இரண்டு தடவை சொன்னார். "இப்ப நம்ம கையில இல்லம்மா. படக்காரங்க அந்த மூஞ்சியில ஒன்பது ரப்பர் அச்சு எடுத்து வச்சிருக்காங்க. குழந்தைங்க போட்டுக்கிற முகமூடி வேற வரப்போகுது."

கதைக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மைக்கா, நான் ஒண்ணு பண்றேன். அடுத்த புஸ்தகத்துல கருகன் திருந்திடறான்னு எழுதிடறேன். வச்சிரனோட சேந்து ஊரைக் காப்பாத்தறான். உன் தம்பியைப் பாத்தா பிள்ளைங்க அப்புறம் கை தட்டுவாங்க."

அவள் நெஞ்சுக்குள் ஏதோ லேசாயிற்று. "நிஜமாவா சார்?"

"நிஜமா. கடைசிப் பக்கத்துல வச்சிரன் அவன் கன்னத்தைத் தொடுவான். வெந்ததெல்லாம் மறைஞ்சு மூஞ்சி பளிச்சுனு ஆயிடும்."

"ஏன் மறையணும்?"

கதைக்காரர் விழித்தார். "திருந்திட்டான்ல? அப்பறம் அது எதுக்கு? மூஞ்சி அப்படியே இருந்தா திருந்தினதைப் படிக்கிறவன் எப்படி நம்புவான்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்தாள். மேசையில் கருகன் பாதி மையோடு கிடந்தான். மை புட்டியையும் தூரிகையையும் கைக்கண்ணாடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். அந்தக் கண்ணாடி தொழிலுக்கு வேண்டியது. கோபமோ அழுகையோ வரைய வேண்டி வந்தால் தன் முகத்தையே அதில் அப்படி வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சமையலறையில் கண்ணாடியை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். அதை ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனவள் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பாள்; அவள் கைக்கு எப்போதும் கிடைத்தது தூரிகை. இமைக்குக் கீழே தொடங்கினாள். வாயோரம், தாடை, கழுத்தின் மூன்று வடங்கள். காதுக்குக் கீழே அவரைக்கொட்டை இடத்தை விட்டுவிட்டாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கங்களுக்குப் போடுகிற மை, தண்ணீர் பட்டாலும் கரையாது. காயக் காய முகத்தைப் பிடித்து இழுத்தது.

தம்பியின் கட்டிலருகே போய் நின்றாள். "நீ தனியாப் போக வேண்டாம்டா. நானும் இப்படியே வர்றேன். பாக்கிறவங்க ரெண்டு பேரையும் பாக்கட்டும்."

அவன் திரும்பினான். நல்ல கண்ணும் மூடாத கண்ணுமாக அவளை வெகுநேரம் பார்த்தான்.

"பக்கம் மாறிப் போச்சு."

"என்னது?"

"எனக்கு இடது கன்னம். நீ வலது கன்னத்துல போட்டிருக்க."

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. இரண்டு வருடங்களாக அவன் முகத்தை எதிரே நின்று பார்த்த பழக்கம். எதிரே நிற்பவளுக்கு வெந்த பக்கம் தன் வலப்புறம் தெரியும். கண்ணாடியிலும் அதே புறமாகப் பார்த்துப் போட்டுவிட்டாள். பதினோரு வருட மைக்காவுக்கு இடது வலது தெரியவில்லை.

"பக்கம் சரியா இருந்தாலும் இது என் மூஞ்சி ஆயிடாது" என்றான் அவன். குரல் உயரவில்லை. "உனக்கு நாலு நாள் தேச்சா போயிடும். போ, போய்க் கழுவு."

அவன் சொன்னது உண்மை. மணி எட்டேகால். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்த பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

இரண்டாம் மாடியில் பள்ளிக்குக் கிளம்பி நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு யாரென்று தெரிந்ததும் இன்னும் பலமாகக் கத்தினார்கள். "கருகி! கருகி!" கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னது படிக்கட்டு முழுவதும் கேட்டது. "மூணாம் மாடிப் பொண்ணுக்கும் முத்திடுச்சு, வந்து பாருங்க!" யாரோ சிரித்தார்கள். யாரோ எறிந்த ஆரஞ்சுத் தோல் அவள் முதுகில் பட்டு விழுந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். தெருவில் எதிரே வந்த ஆள் பார்த்தான், பார்க்காதது போலத் திரும்பினான், மறுபடியும் பார்த்தான். பேருந்து நிறுத்தம் நூறடிதான். நிறுத்தத்தில் கருகனின் சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்தாள். ஒரு பேருந்து வந்து போனது. ஏறவில்லை. தனியாகப் போய் அங்கே யாருக்கு என்ன செய்வது?

இரண்டாவது பேருந்தும் போன பிறகு அவன் வந்தான். காலில் செருப்பில்லை, முகத்தில் துண்டில்லை. வீட்டில் உடுத்தியிருந்த லுங்கியோடு வந்திருந்தான். பின்னால் பிள்ளைகள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். அவன் வருகிற வேகத்தில் யாருக்கும் வச்சிரனாகப் பாயத் தோன்றவில்லை போலும்.

"எழுந்திரு. வீட்டுக்கு வா."

"வரல."

"ஊரே சிரிக்குது உன்னைப் பாத்து. மேலே வரைக்கும் கேக்குது. எழுந்திரு அக்கா."

"நீ ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் இங்கதான் உக்காருவேன். இன்னைக்கு வரலைன்னா நாளைக்கும் இப்படியே வந்து உக்காருவேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவன் சுவரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அது அழுகையா, வெறும் புண்ணா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. மூன்றாவது பேருந்து வந்து நின்றது. "உள்பக்கம் உக்காரு, என் இடது கைப் பக்கம்" என்றான். அவன் வெந்த கன்னமும் அவள் மை போட்ட கன்னமும் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே போயின. வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு சாதாரண மனிதன் லுங்கியோடு எங்கோ போகிறான்.

வழியில் ஒரே ஒரு தடவை பேசினான். "இழுக்குதா?"

"ம்."

"சிரிச்சா இன்னும் இழுக்கும். சிரிக்காதே."

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிய நர்ஸ் நிமிர்ந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர்ல யாரு உள்ள வரணும்?"

"நான்" என்றான் தம்பி. "அவளுது மை."

டாக்டரம்மா அவன் கண்ணில் விளக்கடித்தார். அடித்த விளக்கை உடனே எடுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பியபோது மையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா பார்வை நிக்கும்னு உறுதியாச் சொல்லியிருப்பேம்மா. இப்ப திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது தம்பி அவளைத் தேடினான். கையை ஆட்டவில்லை. "போய்க் கழுவிட்டு வா" என்றான்.

அவள் கழுவினாள். குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மை கரையவில்லை, தோல்தான் எரிந்தது. காத்திருப்புக் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இருக்கைகள் தள்ளிப் போனாள். நடுவில் இருந்த இரண்டு நாற்காலிகளிலும் அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. சுவர்த் திரையில் வச்சிரன் எரிகிற கட்டடத்துக்குள் பாய்ந்தான். குழந்தையோடு வெளியே வந்தான். முடி கலையவில்லை.

அறுவை அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆகியும் அது எரிந்துகொண்டிருந்தது. அவள் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இமைக்குக் கீழே காய்ந்திருந்த மை பிடித்து இழுத்தது, ஆனாலும் மூடியது. சிரமமே இல்லாமல் மூடியது. அவள் கண்ணைத் திறந்து மறுபடியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.